அட்டவணையில் இல்லாத மணிக்கட்டு

பெருவிரல் போனால் 30 சதவீதம். சுட்டுவிரல் முழுதாகப் போனால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணு என்றால் 9. நடுவிரலுக்கு 12. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் 7. எலும்பு தப்பி, சுட்டுவிரலின் நுனி மட்டும் நறுக்கப்பட்டால் 5.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருந்த எண்கள் இவை. ஒருவரின் சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு குறைந்தது என்பதைச் சட்டம் இப்படிக் கணு கணுவாக அளந்து வைத்திருக்கிறது. பாரிமுனையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நான் தட்டச்சராக இருந்தேன். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துணை ஆணையர் முன் தாக்கல் செய்யும் இழப்பீட்டு மனுக்களை முதலில் ஹால்டா மெஷினிலும், பிறகு கம்ப்யூட்டரிலும் அடித்துக் கொடுத்தேன். அடித்து அடித்து அந்த எண்கள் மனப்பாடமாகிவிட்டன.

கணக்கு இப்படிப் போகும். இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வராத ஒரு தொழிலாளிக்கு வயது 40, மாதச் சம்பளம் 15,000 ரூபாய். பிரஸ் மெஷினில் சுட்டுவிரல் போய்விட்டது. சம்பளத்தில் 60 சதவீதம் 9,000 ரூபாய். அதை அவர் வயதுக்குச் சட்டம் சொல்லும் 184.17 என்ற எண்ணால் பெருக்கி, அதில் 14 சதவீதம் எடுத்தால் 2,32,054 ரூபாய் வரும். அந்தப் பணம் ஒரு விரலுக்கு ஈடாகுமா என்றால் ஆகாது. ஆனாலும் ஒரு கணக்கு இருக்கிறது. கேட்பதற்கு ஓர் இடமும் இருக்கிறது.

வேறு சிலரும் அந்த அலுவலகத்துக்கு வருவார்கள். பத்து விரலும் அவர்களுக்கு இருக்கும். தழும்புகூட இருக்காது. ஆனால் டம்ளரைப் பிடித்தால் நழுவும், ஊசியில் நூல் கோக்க முடியாது. "ராத்திரியில கை மரத்துப்போய் எழுப்பி விட்டுடுது சார்" என்பார்கள். மனுப் படிவத்தில் விபத்து நடந்த நாள், நேரம், இடம் எழுத வேண்டும். "எந்தத் தேதியில அடிபட்டுச்சு?" என்று வக்கீல் கேட்பார். அவர்களிடம் பதில் இருக்காது. பத்து வருடம், பதினைந்து வருடம் என்று வேலை செய்த காலத்தைச் சொல்வார்கள். வக்கீல் படிவத்தை மூடி வைத்துவிடுவார். அவர் இரக்கமில்லாதவர் இல்லை. சட்டத்தில் அதற்கென்று ஒரு வரி இல்லை, அவ்வளவுதான்.

ஒரு நொடியில் போன கையைச் சட்டம் பார்க்கிறது. இருபது வருடத்தில் போன கையை அது பார்ப்பதில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. எங்கள் பகுதியை வைத்தே அதைச் சொல்ல முடியும்.

எங்கள் பொழிச்சலூர் அடையாற்றை ஒட்டி, மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். சனீஸ்வரன் சந்நிதிக்காக வருகிறவர்கள் வட திருநள்ளாறு என்பார்கள். சுற்றிலும் இருப்பவை எல்லாம் கையை நம்பிப் பிழைத்த ஊர்கள். ஒரு பக்கம் அனகாபுத்தூரின் தறிகள். பம்மல் தாண்டினால் நாகல்கேணி, பல்லாவரம், குரோம்பேட்டையின் தோல் ஷாப்புகள். திரிசூலத்திலும் பல்லாவரத்திலும் கல் குவாரிகள். ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் தெற்கே போனால் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம்.

இதில் மூத்த தொழில் கல்தான். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கிருந்து தொடங்கியது. ஆதி மனிதன் செதுக்கிய அதே மண்ணில் நம் காலத்து மனிதர்கள் உளியும் சம்மட்டியும் பிடித்து ஜல்லி உடைத்தார்கள். அதிரும் கருவி கையை என்ன செய்யும் என்பதை அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். இண்டியானா மாநிலத்தில் காற்றழுத்த உளி பிடித்துச் சுண்ணாம்புக்கல் செதுக்கியவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை அவர் அங்கே போய்ப் பார்த்தார்.

அடுத்தது தறி. என் அப்பா அனகாபுத்தூரில் கூலிக்கு நெய்தவர். அங்கே நெய்த கட்டம் போட்ட துணி, மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் கப்பலேறி நைஜீரியாவுக்குப் போனது. அங்கே திருமணத்திலும் சடங்கிலும் அதை உடுத்தினார்கள். நெய்கிறவரின் வலது கை கயிற்றை இழுத்தால் நாடா ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் ஓடும். இடது கை பலகையை முன்னுக்கு இழுத்து ஊடையை நெருக்கும். அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்தால், ஒரு மீட்டர் துணிக்கு 2,300 தடவைக்கு மேல் அந்த இழுப்பு நடக்க வேண்டும். அப்பாவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியதும் வலது மணிக்கட்டு வீங்கியது. விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தடவித் துணியால் கட்டிக்கொண்டு தறிக்குழியில் இறங்குவார். "கை ஓஞ்சிடுச்சுடா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரிடம் கேட்பது? நூல் கொடுத்தவர் முதலாளி என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

இப்போது சட்டத்தின் கதைக்கு வருகிறேன். வேலையில் அடிபட்டால் முதலாளி பணம் தர வேண்டும் என்ற ஏற்பாட்டை 1884ல் ஜெர்மனி காப்பீடாகக் கொண்டு வந்தது. 1897ல் பிரிட்டன் இழப்பீட்டுச் சட்டம் செய்தது. முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையினால் வேலையின்போது விபத்து நடந்தது என்று காட்டினால் போதும். தொழிலாளிக்கு அது பெரிய வெற்றி. ஆனால் எல்லாம் விபத்து என்ற ஒரே ஆணியில் தொங்கியது. சக்கரம் ஒன்றைத் திருப்பும்போது குடலிறக்கம் வந்த ஒருவரின் வழக்கில், 1903ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை அதையும் விபத்து என்று ஏற்றுக்கொண்டது. எதிர்பாராமல், திட்டமிடாமல் நேர்ந்த கேடு எதுவும் விபத்துதான் என்றார்கள். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வரும் கேட்டுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 1948லும் ஸ்லேட் குவாரித் தொழிலாளி ஒருவரின் நுரையீரலில் படிந்த தூசு நோயை அதே சபை விபத்து இல்லை என்று தள்ளியது. அவர் சுவாசித்த தூசுக்கும் ஒரு தேதி இல்லை.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 1906ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தில் நோய்ப் பட்டியல் வந்தது. முதலில் ஆறு நோய்கள். ஆந்த்ராக்ஸ், ஈயம், பாதரசம், பாஸ்பரஸ், ஆர்சனிக் ஆகியவற்றின் நஞ்சு, கொக்கிப்புழு. 1908ல் ஒரு கை நோய் சேர்ந்தது. நாள் முழுக்கத் தந்திக் கட்டையைத் தட்டும் ஊழியர்களின் கையும் விரலும் மடங்கி இழுத்துக்கொள்ளும் நோய் அது. 1911ல் பிரிட்டிஷ் தபால் துறையின் குழு ஒன்று அதை விசாரித்துத் தனி அறிக்கையே வெளியிட்டது. அதே 1908ல்தான் இந்தியாவின் தந்தி ஊழியர்கள் வேலைச் சுமை தாங்காமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே தந்தி, அதே கட்டை, அதே விரல்கள். லண்டனில் இருந்தவரின் வலி மட்டும் சட்டத்தில் ஏறியது.

இந்தியச் சட்டம் 1923 மார்ச்சில் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் அதே 1923தான். வாடியாவும் திரு.வி.க.வும் நடத்திய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு அப்போது ஐந்து வயது. புதிய சட்டம் பிரிட்டிஷ் அச்சில் வார்க்கப்பட்டது. விபத்து முதலில், நோய்ப் பட்டியல் பின்னால். மூன்றாம் அட்டவணை என்று பெயர் பெற்ற அந்தப் பட்டியலில் தொடக்கத்தில் இருந்தவை ஆந்த்ராக்ஸ், ஈய நஞ்சு, பாஸ்பரஸ் நஞ்சு.

ஆந்த்ராக்ஸ் எங்கள் ஊர்ப் பக்கத்துக்குத் தெரிந்த பயம். பச்சைத் தோலைக் கையாளுகிறவருக்கு ஒட்டிக்கொள்ளும் நோய் அது. ஆகவே பல்லாவரத்துத் தோல் தொழிலாளி முதல் நாளிலிருந்தே இந்தச் சட்டத்துக்குள் இருந்தார். ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் பரிசோதித்த குரோம் பதனிடும் முறையை வைத்துச் சேம்பர்ஸ் என்பவர் நிறுவிய குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது. பதனிடப் பயன்படும் குரோமிய உப்புகள் விரல் முட்டிகளில் துளை போட்டதுபோல் புண் உண்டாக்கும். குரோமியத்தால் வரும் நோயும் பின்னாளில் பட்டியலில் இடம்பெற்றது. ஒரே தொழிலாளியின் ஒரே கை. அதன் தோலில் வரும் புண்ணைச் சட்டம் அறியும். ஊறிக் கனத்த தோலை மரத்தின் மேல் போட்டு இருகைக் கத்தியால் வருடக்கணக்காகச் சீவியதில் உள்ளே தேய்ந்த நரம்பையும் தசைநாணையும் அது அறியாது.

பட்டியலில் இடம்பெறுவதன் பலன் சின்னதில்லை. பட்டியலில் உள்ள நோய், அதற்குரிய வேலையில் இருந்தவருக்கு வந்தால், அது வேலையால் வந்தது என்றே சட்டம் வைத்துக்கொள்ளும். சில நோய்களுக்குத் தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இல்லை என்று நிரூபிக்கும் பாரம் முதலாளியுடையது. பட்டியலில் இல்லாத நோய்க்கு 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவின் 4ஆவது உட்பிரிவு கதவை அடைத்தது. குறிப்பிட்ட ஒரு விபத்துக் காயத்திலிருந்து நேரடியாக அந்த நோய் வந்தது என்று காட்டினாலொழிய இழப்பீடு கிடையாது. பட்டியல் பல முறை விரிந்தது. பாதரசம், பென்சீன், மாங்கனீசு, இரைச்சலால் வரும் காது மந்தம், பஞ்சுத் தூசு நோய், கல்நார் புற்றுநோய் எல்லாம் சேர்ந்தன. பனியின் கூச்சத்தால் வரும் கண் நோய்கூட இருக்கிறது. ஓயாத அசைவால் கைக்கும் மணிக்கட்டுக்கும் வரும் நோய் மட்டும் இல்லை.

மருத்துவத்துக்கு இது புதுச் செய்தி இல்லை. தொழில் நோய் மருத்துவத்தின் தந்தை எனப்படும் பெர்னார்தினோ ராமஸ்ஸினி 1700ல் இத்தாலியில் வெளியிட்ட நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களுக்குத் தனி அத்தியாயம் சேர்த்தார். பத்திரம் எழுதும் ஒருவருக்கு வலது கை செயலிழந்தது, அவர் இடது கையால் எழுதப் பழகினார், பிறகு அந்தக் கைக்கும் அதே கதி வந்தது என்று அதில் பதிந்திருக்கிறார். 1895ல் சுவிட்சர்லாந்தின் ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்ன் பெருவிரல் பக்கத் தசைநாண் உறை வீங்குவதை விளக்கினார். மணிக்கட்டின் நடுவே எலும்பாலும் கெட்டியான தசைநாராலும் ஆன ஒரு குறுகிய வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் போகின்றன. தசைநாண் உறை வீங்கினால் நரம்பு நசுங்கும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மரத்துப்போகும். இரவில் அதிகமாகும். வருடங்கள் போனால் பெருவிரலின் அடிச் சதை வற்றிப் பிடிப்பு போய்விடும்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்தேன். 1984ல் தொடங்கிய மெப்ஸ் வளாகம் எங்கள் பகுதிப் பெண்களுக்கு மாதச் சம்பளம் தந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் மனைவி ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டிரிம்மிங் பிரிவில் இருந்தார். தைத்து முடிந்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை, உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கத்தரியால் வெட்ட வேண்டும். காலர், கஃப், பட்டன் பட்டி என்று ஒரு பீஸுக்குப் பத்துப் பதினைந்து வெட்டு. மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். ஷிப்மென்ட் நாள் நெருங்கினால் ஓவர்டைம். சில வருடங்களில் நடு இரவில் எழுந்து உட்கார்ந்து கையை உதறத் தொடங்கினார். பிறகு தோசைக்கல்லைத் தூக்க முடியவில்லை. நரம்புப் பரிசோதனையில் இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு நசுங்கியிருப்பது தெரிந்தது. கம்பெனியில் சொன்னபோது, "வீட்டுல துணி துவைக்கிறீங்க, மாவு பிசையறீங்க, அதனால வந்திருக்கும்மா" என்றார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மரமரப்பு குறைந்தது. பழைய பிடி திரும்பவில்லை. வேலையிலிருந்து நின்றுவிட்டார்.

"ஏங்க, ஊருக்கெல்லாம் மனு அடிச்சுக் குடுக்கறீங்களே, எனக்கு ஒண்ணு அடிக்கக் கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டார். எந்தப் பிரிவின் கீழ் அடிப்பது? அவர் இ.எஸ்.ஐ.யில் இருந்தவர். 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்துக்கும் ஒரு மூன்றாம் அட்டவணை இருந்தது. அதுவும் இதே பட்டியல்தான்.

இந்த ஒரு வரி இல்லாததால் என்ன நஷ்டம் என்று இ.எஸ்.ஐ. கணக்கே காட்டும். நோய் சாதாரண நோயாகப் பதிவானால், சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள். வேலையால் வந்த காயமாகவோ தொழில் நோயாகவோ பதிவானால், 90 சதவீதம், வேலைக்குத் திரும்ப முடியாத காலம் முழுதும். நிரந்தரக் குறைபாடு இருந்தால் ஆயுள் முழுக்க மாதந்தோறும் உதவித்தொகை. சிகிச்சை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் கை போனதற்கான பொறுப்பு முதல் வகையில் தொழிலாளியின் தலையிலேயே விழுகிறது. சம்பள உச்சவரம்பான 21,000 ரூபாய்க்குள் மாதம் தவறாமல் பிடித்தம் கொடுத்தவருக்கும் இதே நிலைதான்.

உலகம் இந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010ல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியலில் எலும்பு, தசை நோய்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பெருவிரல் பக்கத் தசைநாண் உறை அழற்சி, கை மற்றும் மணிக்கட்டின் நாள்பட்ட தசைநாண் அழற்சி, மணிக்கட்டு நரம்பு நசுக்கம் மூன்றும் அதில் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. எதிர்ப்பும் எங்கும் இருந்தது. ஆஸ்திரேலியாவில் 1980களில் தட்டச்சர்களும் தொலைபேசி ஊழியர்களும் கை வலி என்று திரண்டபோது, அது வெறும் மனப் பிரமை என்று வாதாடினார்கள். அமெரிக்காவில் இத்தகைய நோய்களைத் தடுக்க 2000 நவம்பரில் வந்த வேலையிடப் பாதுகாப்பு விதியை, நாலே மாதத்தில் நாடாளுமன்றம் ரத்து செய்தது.

எதிர்வாதத்தில் நியாயமான பகுதியும் உண்டு. மணிக்கட்டு நரம்பு நசுங்குவதற்குச் சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம் ஆகியவையும் காரணமாகலாம். வீட்டு வேலையும் கையால்தான் நடக்கிறது. ஆனால் ஆஸ்துமாவுக்கும் வீட்டில் காரணம் இருக்கலாம், காது மந்தத்துக்கு வயதே காரணமாகலாம். அவை இரண்டும் பட்டியலில் இருக்கின்றன. எந்த வேலை, எத்தனை காலம், எந்தப் பரிசோதனை என்று நிபந்தனை வைப்பதற்குத்தான் அட்டவணை இருக்கிறது. சந்தேகம் இருக்கிறது என்பதற்காக எல்லோரையும் வெளியே நிறுத்துவது நியாயம் ஆகாது.

1923ஆம் ஆண்டுச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்ந்துவிட்டது. மூன்றாம் அட்டவணையும் அதோடு வந்திருக்கிறது, மணிக்கட்டு இல்லாமலேயே. பழைய சட்டத்தின் 3ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவு ஒரு வழி வைத்திருந்தது. மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்து, அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டு, ஒரு வேலையையும் அதனால் வரும் நோயையும் ஒன்றிய அரசோ மாநில அரசோ அட்டவணையில் சேர்க்கலாம். அந்த வழி கை நோய்க்காகப் பயன்படவே இல்லை.

தமிழ்நாடு அரசு நினைத்தால் முடியும். 2021ல் கடைகளில் நின்றே வேலை பார்த்தவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது இதே அரசுதான். மெதுவாக வரும் உடல் கேட்டைச் சட்டம் கணக்கில் எடுக்கும் என்பதற்கு அந்த நாற்காலி சாட்சி. காலுக்குக் கிடைத்த நியாயம் கைக்கும் வர வேண்டும். தையல், டிரிம்மிங், தோல் சீவுதல், கணினிப் பதிவு, அதிரும் கருவி ஆகிய வேலைகளில் குறிப்பிட்ட காலம் இருந்தவர்களுக்கு வரும், மேலே சொன்ன மூன்று மணிக்கட்டு நோய்களை, மாநில அரசும் ஒன்றிய அரசும் அட்டவணையில் சேர்க்க வேண்டும். முதலாளி என்று யாரையும் காட்ட முடியாத நெசவாளிக்கும் வீட்டிலிருந்து தைக்கும் பெண்ணுக்கும் நல வாரியம் வழியாக இதே உரிமை கிடைக்க வேண்டும்.

அதுவரை, மெப்ஸ் வேனில் போய் வருகிற சகோதரிகளுக்கும், நாகல்கேணியில் வேலை பார்க்கிற தம்பிகளுக்கும் ஒரு தட்டச்சராக நான் சொல்லக்கூடியது இதுதான். கை மரத்துப்போகத் தொடங்கியதும் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள். என்ன வேலை, எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் என்பதை மருத்துவரிடம் சொல்லி, சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நரம்புப் பரிசோதனைத் தாளையும் சம்பளச் சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தில் பேசும்போது போனஸோடு இந்த அட்டவணையையும் கோரிக்கையில் சேருங்கள். அறிவிக்கை வரும் நாளில் உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும்.